சேராங்கொட்டைக் குறி

நாட்டின் பெயரைச் சொல்லக் கூடாதென்று
ஓசூர் ஏஜெண்ட் ஆபீசில் கையெழுத்து வாங்கினார்கள்.
சொல்லவில்லை.
ஒன்பது வருடம் இருந்தும்
அந்த நாட்டை நான் பார்த்ததில்லை,
அதனால் சொல்லாமல் இருப்பது சுலபம்.

பார்த்தது வேலி.
வேலிக்கு இந்தப் பக்கம் முப்பத்தாறு வாஷிங் மெஷின்.
திம்மராயன் என்ற பெயரை
டிம் என்று வெட்டிச் சட்டையில் தைத்துக் கொடுத்தார்கள்.

ராயக்கோட்டையில் அம்மா
சேராங்கொட்டையை ஊசியால் குத்தி
ஊர்த்துணிக்கெல்லாம் குறி வைப்பாள்.
மணியக்காரர் வீட்டுக்கு மூன்று புள்ளி,
மளிகைக்கடைக்கு ஒரு கொக்கி.
விரலில் பட்டால் புண் ஆற ஒரு மாதம்.
அந்தப் புண் வேண்டாமென்றுதான்
அக்காவின் தோட்டை அடகு வைத்து விமானம் ஏறினேன்.
இறங்கியதும் கையில் கொடுத்த முதல் பொருள்
மார்க்கர் பேனா.

பைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு சிப்பாய்.
பாக்கெட்டைத் துழாவாமல் மெஷினில் போடக் கூடாது.
சூயிங்கம், சில்லறை, காதடைக்கும் மஞ்சள் பஞ்சு,
ஒரு முறை மனிதப் பல்,
ஒரு முறை
உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து நோட்டுத்தாள்:
வலமிருந்து இடமாகக் கணக்கு,
ஓரத்தில் சிவப்பு மையில் சரி.
இதை யாரிடம் சேர்ப்பது என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.
குப்பைக்கூடையைக் காட்டினார்.

கேட்டுக்கு வெளியே ஒரு தெரு வளர்ந்திருந்தது,
எங்கள் வேலியைப் பற்றிக்கொண்டு, சுரைக்கொடி மாதிரி.
சிம்கார்டு, சலூன், சுவரெல்லாம் இங்கிலீஷ்.
அங்கே ரொட்டி விற்றவள்
தன் வெள்ளரித் தோட்டம்
எங்கள் ஓடுபாதைக்குக் கீழே இருப்பதாகக் கையால் காட்டினாள்.
எங்கள் என்றா சொன்னேன்?
அவள் கிணற்றில் மண்ணெண்ணெய் வாசம்.
என் மெஷின்களுக்கு நாளைக்கு இருபது டேங்கர் நல்ல தண்ணீர்.
அவள் பையனுக்கு எட்டு வயது,
ஹெலிகாப்டர் சத்தத்தைக் கேட்டே ரகம் சொல்வான்.

மகள் ஒருநாளிலிருந்து கடைக்கு வரவில்லை.
ஏன் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை.
நானும்.
அந்த வாரத்துப் பைகளையும் துவைத்தேன்.
நுரை நன்றாகவே வந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை முகாமை மூடினார்கள்.
மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள்,
வேறு யாருக்கும் பயன்படக் கூடாதாம்.
பஸ் வெளியே வந்தபோது தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது.
அவள் கூடையோடு நின்றாள்,
விற்கவா ஏசவா தெரியவில்லை.
டிரைவர் நிறுத்தவில்லை.

இப்போது தக்காளி மண்டியில் கணக்கெழுதுகிறேன்.
கோட்டை மலையடியில் முள்ளுக்குள்
வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனின் கல்லறை.
ஆடுகள் அதன்மேல் படுத்து அசைபோடும்.
வயது இருபத்திரண்டு, காய்ச்சல் என்று
என் மகள் எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.
அவன் சட்டையைத் துவைத்தவனுக்குக் கல் உண்டா என்று
கொஞ்ச நேரம் தேடினேன்.

இந்த மலையடியிலும் அன்றைக்கு
ஒரு தெரு வளர்ந்திருக்கும்.
ஒருத்தி ஒருநாளிலிருந்து கடைக்கு வராமல் போயிருப்பாள்.
எங்கள் குடும்பத்தில் சிலருக்குப் பூனைக்கண்.
அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.
குறி வைக்கும்போது மட்டும்
ஊசியைக் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பாள்.

நேற்று கிரேடு இறக்கும் மாதேஷ்
பட்டாளத்துப் பச்சைச் சட்டையில் வந்தான்.
சந்தையில் நூற்றைம்பது ரூபாயாம்.
என்னை அறியாமல் காலரைத் திருப்பினேன்.
எண் இல்லை. திருப்பூர் என்றிருந்தது.
பாக்கெட்டையும் துழாவினேன்.
பாதி பீடி, காய்ந்த தக்காளிக் காம்பு.

என்னண்ணா தேடறே என்றான்.
ஒண்ணுமில்லை,
முதல் தடவை தனியா நனைச்சுப் போடு,
சாயம் மத்த துணியில ஒட்டும்
என்றேன்.